உயிர்க்கணக்கும் தலைக்கணக்கும்

கி.பி. 200-ஐ ஒட்டிய ஆண்டுகளில், கார்த்தேஜ் நகரத்துக் கிறிஸ்தவ அறிஞர் தெர்த்துல்லியன் ஆன்மாவைப் பற்றி ஒரு நூல் எழுதினார். மறுபிறவிக் கொள்கையை உடைப்பது அதில் அவர் எடுத்துக்கொண்ட வேலைகளில் ஒன்று. செத்தவர்களே திரும்பப் பிறக்கிறார்கள் என்று பித்தகோரஸ், பிளேட்டோ வழிவந்தவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு தத்துவத்துக்குள் போய் மல்லுக்கட்டாமல், ஆட்களை எண்ணிப் பாருங்கள் என்றார் தெர்த்துல்லியன். பழைய உயிர்களே சுற்றிச் சுற்றி வருகின்றன என்றால் மனிதர் தொகை ஆதியில் இருந்த அளவிலேயே நிற்க வேண்டும். ஆனால் காடு திருத்தப்பட்டு வயலாகிறது, ஊர்கள் பெருகுகின்றன, பூமிக்கே நாம் பாரமாகிவிட்டோம். அப்படியானால் கூடுதலாக வந்தவர்களுக்கு உயிர் எங்கிருந்து கிடைத்தது? அவர் இதைக் கேட்ட காலத்தில் உலக மக்கள்தொகை இருபது கோடியைச் சுற்றி இருந்திருக்கும் என்று இன்று மதிப்பிடுகிறார்கள். 2022 நவம்பரில் அது 800 கோடியானது. நம் ஊர்ப் பகுத்தறிவுக் கூட்டங்களிலும் டீக்கடைப் பேச்சிலும் இதே கேள்வி, தெர்த்துல்லியன் பெயர் தெரியாமலே, இன்றும் கேட்கப்படுகிறது. கேட்பவர் சிரித்துக்கொண்டு கேட்பார், நம்பிக்கையுள்ளவர் மழுப்புவார். மழுப்ப வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் வேடிக்கை.

இந்திய மரபுகளில் இதற்கு விடை தயாராக இருக்கிறது. சமணத்தின் விடைதான் இருப்பதில் துணிச்சலானது. நிகோதம் என்று ஒரு நிலையை அது சொல்கிறது. கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுடல் ஒன்றில் எண்ணிலடங்கா உயிர்கள் ஒன்றாக அடைந்து, ஒன்றாக மூச்சுவிட்டு, ஒன்றாகச் சாகின்றன. பிரபஞ்சம் முழுக்க அப்படிப்பட்ட உயிர்கள் நிறைந்திருக்கின்றன. இங்கே ஓர் உயிர் வீடுபேறு அடைந்தால், நிகோதத்திலிருந்து இன்னோர் உயிர் பிறவிச் சுழலுக்குள் நுழைகிறது. எத்தனை பேர் கரையேறினாலும் அந்தக் கையிருப்பு தீராது. சைவ சித்தாந்தத்தின் விடை வேறு திசையில் போகிறது. உயிர்கள் பல, அவற்றுக்குத் தோற்றமும் இல்லை, தொகையும் இல்லை. உடம்போ கருவியோ இல்லாமல் ஆணவ இருளில் அமிழ்ந்து கிடக்கும் கேவல நிலையிலிருந்து எடுத்து, தனு (உடம்பு), கரணம் (கருவி), புவனம் (உலகம்), போகம் (நுகர்ச்சி) என்ற நான்கையும் கொடுத்துப் பக்குவப்படுத்துவது இறைவனின் வேலை. மனித உடம்பு, எண்பத்து நான்கு லட்சம் பிறப்பு வகைகளில் ஒன்று. இந்த மண்ணுலகம், புவனங்களில் ஒன்று. ஆகவே பூமியில் மனிதர் கூடுவதும் குறைவதும் உயிர்களின் மொத்தக் கணக்கை எந்த வகையிலும் தொடுவதில்லை.

இது தப்பித்துக்கொள்ளும் பதில் என்று ஒருவர் சொல்லலாம். முடிவிலி என்று சொல்லிவிட்டால் எந்தக் கணக்கும் உதைக்காதுதானே? உண்மைதான். ஆனால் அந்தப் பதிலுக்கு ஒரு விலை உண்டு. உயிர்க்கணக்கைத் தலைக்கணக்கிலிருந்து முழுவதுமாக அறுத்துவிட்ட மதம், பிறகு தலைக்கணக்கைப் பற்றித் தன் கொள்கையின் பெயரால் வாய்திறக்க முடியாது. உயிர்கள் எண்ணற்றவை என்று ஒரு பக்கம் சொல்லிக்கொண்டே, நம் சனம் குறைகிறது, பெண்கள் இன்னும் நாலு பெற வேண்டும் என்று இன்னொரு பக்கம் கேட்டால், இரண்டாவது பேச்சு ஞானத்திலிருந்து வரவில்லை, வேறு எங்கிருந்தோ வருகிறது என்றுதான் பொருள். மக்கள்தொகை ஏறுவதும் இறங்குவதும் மதக்கொள்கையால் நடப்பதில்லை. ஆகவே பிள்ளை பெறுவதைச் சமயத்துக்கோ இனத்துக்கோ நாட்டுக்கோ செலுத்த வேண்டிய கடனாக ஒரு பெண்ணிடம் கேட்க யாருக்கும் ஆதாரம் கிடையாது.

பலுகிப் பெருகச் சொல்லும் கட்டளை ஆதியாகமத்திலேயே இருக்கிறதே என்ற மறுப்பு உடனே எழும். அந்தக் கட்டளையைச் சட்டமாக எடுத்துக்கொண்டு நூற்றாண்டுக் கணக்காக வாதாடியவர்கள் யூத ரபிகள். அவர்களுடைய மிஷ்னா நூலில், இந்தக் கடமை எத்தனை பிள்ளையோடு தீருகிறது என்ற வழக்கு வருகிறது. ஷம்மாய் மரபு இரண்டு ஆண் பிள்ளைகள் என்கிறது. ஹில்லெல் மரபு ஓர் ஆணும் ஒரு பெண்ணும் என்கிறது. இரண்டோடு கடன் தீர்ந்தது. அதைவிடக் கவனிக்க வேண்டியது, அந்தக் கடமை ஆணுக்குத்தான், பெண்ணுக்கு இல்லை என்ற தீர்ப்பு. உயிரைப் பணயம் வைத்துப் பெறுகிறவளிடம் அதைக் கட்டளையாக வைக்க ரபிகளில் பெரும்பாலோர் தயங்கியிருக்கிறார்கள். பிற்காலப் பிரசங்கிகள் பலருக்கு அந்தத் தயக்கம் இல்லை.

எண்ணிக்கையை உண்மையில் அசைப்பது எது? முதலில் சாவு. பெருக்கம் என்றதும் பிள்ளைகள் அதிகம் பிறந்த காட்சிதான் மனதில் வரும். இந்தியாவில் நடந்தது அதுவல்ல. 1911-க்கும் 1921-க்கும் இடையில் இந்திய மக்கள்தொகை கூடவே இல்லை, லேசாகக் குறைந்தது. 1918-இன் இன்ஃபுளூயன்சா வீட்டுக்கு வீடு ஆட்களை அள்ளிக்கொண்டு போனது. அப்போதும் பெண்கள் ஐந்தாறு பெற்றுக்கொண்டுதான் இருந்தார்கள். பெற்றவை தங்கவில்லை. 1921-க்குப் பிறகு பஞ்சமும் கொள்ளைநோயும் சற்றுப் பின்வாங்கின. விடுதலைக்குப் பின் மலேரியா ஒழிப்பு, தடுப்பூசி, ரேஷன் அரிசி எல்லாம் சேர்ந்து சாவை இன்னும் தள்ளிப் போட்டன. 1951-இல் சராசரி ஆயுள் முப்பத்திரண்டு வயதைச் சுற்றித்தான் இருந்தது; இன்று எழுபதை ஒட்டி நிற்கிறது. பிறப்பு அப்படியே இருக்க, சாவு மட்டும் குறைந்ததால் ஜனம் பெருகியது. தெய்வத்திடம் அதிகப் பிள்ளை கேட்டவர்கள் யாரும் அந்தப் பெருக்கத்துக்குக் காரணமில்லை. இருக்கிற பிள்ளை தங்க வேண்டும் என்று கேட்டவர்களின் வேண்டுதல்தான், ஊசியாலும் குளோரின் போட்ட தண்ணீராலும் பலித்தது.

சாவு குறைந்த பின் பிறப்பும் குறையும். எவ்வளவு வேகத்தில் என்பது ஊருக்கு ஊர் மாறும். தமிழ்நாட்டில் 1970-களின் தொடக்கத்தில் ஆயிரம் குழந்தைகளுக்கு நூற்றுக்கு மேல் ஒரு வயதுக்குள் இறந்தன. ஒரு பெண் சராசரியாக நான்கு பிள்ளைகளை ஒட்டிப் பெற்றாள். 2020-இல் சிசு மரணம் ஆயிரத்துக்குப் பதின்மூன்று. பிள்ளைகள் சராசரி 1.4. இடையில் நடந்தவை நமக்குத் தெரிந்தவையே. பெண்கள் பள்ளிக்குப் போனார்கள். சத்துணவு, ஆரம்ப சுகாதார நிலையம், ஊரூராகப் போகும் செவிலியர், இருபது வயதைத் தாண்டிய கல்யாணம், நகரத்துக்குப் போகும் பேருந்து, பிள்ளையைப் படிக்க வைக்க ஆகும் செலவு. இத்தனைக்கும் நடுவில் பக்தி குறைந்ததற்கு ஓர் அடையாளமும் இல்லை. பிள்ளை வரம் கேட்கும் எந்தக் கோயிலுக்கும் போய்த் தலமரத்தைப் பாருங்கள். உள்ளங்கை அகலத் தொட்டில்கள், மரத்தாலானவை, பிளாஸ்டிக்கில் வந்தவை, மஞ்சள் கயிற்றில் கிளைக்குக் கிளை தொங்கும். சிலவற்றுக்குள் குழந்தைக்குப் பதிலாக ஒரு கூழாங்கல். பழையவற்றின் சாயம் மழையில் ஊறி வெளுத்திருக்கும். சஷ்டி விரதம் இருப்பவர்களும் ராமேசுவரம் போய் நீராடுபவர்களும் குறையவில்லை. ஆனால் வேண்டுதல் ஒரு குழந்தைக்கு. அது பிறந்து தங்கிவிட்டால், பெரும்பாலும் இரண்டாவதோடு ஆபரேஷன். (தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேல் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள்; ஆண்களில் அதைச் செய்துகொண்டவர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. மக்கள்தொகைக் குறைப்பின் முழுச் சுமையும் யார் வயிற்றின் மேல் ஏறியது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.) அந்தத் தாய் அம்மனைக் கைவிட்டவள் இல்லை. எண்ணிக்கையை முடிவு செய்வது அம்மனின் இலாகா என்று அவள் நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

மதம்தான் பிறப்பைத் தீர்மானிக்கிறது என்ற பேச்சு இந்தியாவில் ஓர் அரசியல் சரக்காக விற்கப்படுகிறது. தேசிய குடும்ப நல ஆய்வின் எண்களை வைத்தே அதைப் பார்க்கலாம். 1992-93 ஆய்வில் இஸ்லாமியப் பெண்களின் சராசரி 4.4, இந்துப் பெண்களுடையது 3.3. 2019-21 ஆய்வில் அவை முறையே 2.36, 1.94. இரண்டும் இறங்கின, அதிகம் இறங்கியது முதலாவது. மாநிலம் மாநிலமாகப் பிரித்தால் கதை இன்னும் தெளிவாகும்: பீகாரின் இந்துப் பெண்ணைவிடத் தமிழ்நாட்டின் இஸ்லாமியப் பெண் குறைவாகவே பெறுகிறார். பீகாரின் இஸ்லாமியப் பெண்ணுக்கும் அவருக்கும் தொழுகை ஒன்றுதான், குர்ஆன் ஒன்றுதான்; பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வேறு. இந்தியாவிலேயே குறைவாகப் பிள்ளை பெறும் சமூகங்களில் ஒன்று சமணர். அது நிகோதத்தின் மேலுள்ள நம்பிக்கையால் இல்லை. அவர்கள் பெரும்பாலும் படித்த, நகரத்து, வணிகக் குடும்பங்கள்.

ஒரே மதத் தலைமை இரண்டு திசையிலும் பேசியதைப் பார்க்க ஈரானுக்குப் போக வேண்டும். 1979 புரட்சிக்குப் பின், ஈராக்கோடு போர் நடந்த ஆண்டுகளில், பிள்ளைகள் தேசத்தின் படைபலம் எனப்பட்டார்கள். 1980-களின் தொடக்கத்தில் ஒரு பெண்ணுக்கு ஆறுக்கு மேல். போர் முடிந்து கஜானாவைத் திறந்து பார்த்தபோது கதை மாறியது. 1989-இல் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. கருத்தடை மார்க்கத்துக்கு விரோதமில்லை என்று மார்க்க அறிஞர்களே சொன்னார்கள். மணமாகப் போகிறவர்கள் அது பற்றிய வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும் என்றானது. சுமார் பதினைந்து ஆண்டுகளில் சராசரி இரண்டுக்கு வந்துவிட்டது. உலகில் இவ்வளவு வேகமாக இறங்கிய நாடுகள் மிகச் சில. பிறகு 2012-இல் அதே தலைமை, குறைப்பை நீட்டித்தது தவறு என்றது. 2021-இல் கருத்தடைக்குக் கட்டுப்பாடு விதித்துச் சட்டமே போட்டார்கள். பிறப்பு ஏறவில்லை. இறங்கும்போது பெண்கள் கேட்டது ஃபத்வாவின் பேச்சையா, அல்லது ஃபத்வா வந்து சேர்ந்தது பெண்கள் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்த பாதையிலா என்பதற்கு, ஏற்றச் சொன்னபோது கிடைத்த மௌனமே பதில். இத்தாலி, ஸ்பெயின், போலந்து போன்ற கத்தோலிக்க நாடுகளிலும் இதே கதை. செயற்கைக் கருத்தடை கூடாது என்று 1968-இல் வத்திக்கான் சுற்றுமடல் விட்டது. இன்று வத்திக்கானைச் சுற்றியிருக்கும் இத்தாலியின் சராசரி 1.2 அளவில் நிற்கிறது.

மதத்தால் முடியாததை அரசு வன்முறையால் செய்ய முடியுமா என்றும் பார்த்துவிட்டார்கள். 1966-இல் ருமேனியாவின் கம்யூனிஸ்ட் தலைவர் சௌசெஸ்கு ஆணை 770-ஐப் பிறப்பித்துக் கருக்கலைப்பைத் தடை செய்தார். அடுத்த ஆண்டே சராசரி 1.9-இலிருந்து 3.7 ஆனது, பிறகு மெல்ல மெல்லப் பழைய இடத்துக்கே திரும்பியது. மிச்சமாக நின்றவை, கள்ளத்தனமாகக் கருவைக் கலைக்கப் போய் இறந்த பல ஆயிரம் பெண்களும், அனாதை விடுதிகளில் கைவிடப்பட்ட குழந்தைகளும்.

இங்கே என் வாதத்துக்கு எதிரான வலுவான சான்றையும் எடுத்துக்கொள்ள வேண்டும். இஸ்ரேலில் ஹரேதி எனப்படும் கடும் ஆசார யூதர்கள், படிப்பும் மருத்துவமும் உள்ள ஒரு நவீன நாட்டில் இருந்துகொண்டே, சராசரி ஆறுக்கு மேல் பெறுகிறார்கள். ஜார்ஜியாவில் 2007-இன் இறுதியில் மரபுவழித் திருச்சபையின் தலைவர் இரண்டாம் இலியா, ஒரு தம்பதியின் மூன்றாவது குழந்தையிலிருந்து ஒவ்வொன்றுக்கும் தாமே ஞானஸ்நானம் கொடுத்து ஞானத்தந்தையாக நிற்பதாக அறிவித்தார். அடுத்த ஆண்டில் பிறப்புகள் கூடின. பல்லாயிரம் குழந்தைகளுக்கு அவர் ஞானத்தந்தை ஆனார். மதத்துக்கு வலுவில்லை என்று எப்படிச் சொல்வது? வலு இருக்கிறது. அது எந்த வகை வலு என்பதுதான் பார்க்க வேண்டியது. ஹரேதி குடும்பத்தில் ஆறாவது பிள்ளை பிறந்தால் சமைத்துக் கொண்டுவர அண்டை வீடுகள் உண்டு, மூத்த பெண்கள் உண்டு, வட்டியில்லாக் கடன் தரும் சங்கங்கள் உண்டு, அரசின் உதவித்தொகை உண்டு. அந்தச் சூழலில் பிள்ளை வளர்ப்பு தனி ஒருத்தியின் தண்டனை ஆவதில்லை. ஜார்ஜியப் பெற்றோருக்குக் கிடைத்தது, தங்கள் மூன்றாம் பிள்ளையை நாடே மதிக்கிறது என்ற உணர்வு. இரண்டு இடத்திலும் வேலை செய்தது உயிரைப் பற்றிய தத்துவம் இல்லை. அந்த ஹரேதி ஆசாரத்தின் சட்டநூல் கேட்பது இரண்டு பிள்ளை; ஆறு வரை கொண்டுபோவது ஒரு வாழ்க்கை அமைப்பு. அந்த அமைப்புக்கு ஒரு விலையும் உண்டு. வெளியே போக நினைக்கும் பெண்ணுக்குக் கதவு அகலமாகத் திறந்திருப்பதில்லை.

தலைக்கணக்குக்கு இறைநியாயம் தேடியதன் விளைவை நம் மண்ணே ஒருமுறை அனுபவித்திருக்கிறது. மால்தூஸ் என்றதும் பொருளாதாரம்தான் நினைவுக்கு வரும். அவர் ஒரு பாதிரியார். 1798-இல் வந்த அவருடைய கட்டுரையின் கடைசி இரண்டு அத்தியாயங்கள் இறையியல்: உணவைவிட ஜனம் வேகமாகப் பெருகும்படி கடவுள் ஏன் வைத்தார்? மனிதன் சோம்பிக் கிடக்காமல் மூளையையும் கையையும் உழைக்க வைக்கத்தான் என்பது அவர் கண்ட விடை. அடுத்த பதிப்பில் அந்த அத்தியாயங்களை எடுத்துவிட்டார். துன்பம் ஒரு ஏற்பாடு என்ற வாசனை மட்டும் போகவில்லை. 1805-இல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் அதிகாரிகளைப் பயிற்றும் கல்லூரியில் அவரைப் பேராசிரியராக்கியது. இந்தியாவை ஆள வந்தவர்கள் பலர் அவரிடம் பாடம் கேட்டவர்கள். 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் சென்னை மாகாணம் செத்துக்கொண்டிருந்தபோது, இந்திய அரசின் பஞ்சத் தூதராக வந்த ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலைக்கு வந்தவர்களின் கூலியை நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறையும் என்று வெட்டினார். கல் உடைக்கிறவனுக்கு அது போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எழுதி எழுதிப் போராடினார். இந்தியர்கள் விளைச்சலை மீறிப் பெருகும் இயல்புடையவர்கள் என்ற பேச்சு வைஸ்ராய் லிட்டனின் வாயிலேயே வந்தது. 1871-இல் எண்ணியதைவிட 1881-இல் மாகாணத்தில் ஆட்கள் குறைவு. அந்தக் குறைவை இயற்கையின் சமன்பாடு என்று எழுதிவைக்க ஆள் இருந்தது. கப்பலேறிய கோதுமையைப் பற்றி அந்தச் சமன்பாட்டில் ஒரு வரியும் இல்லை.

பிறகு இந்தக் கணக்கு சுதேசி அதிகாரிகள் கைக்கு வந்தது. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஆர்.ஏ.கோபாலசுவாமி, மூன்று பிள்ளைக்கு மேல் பெறுவதை முன்யோசனையற்ற தாய்மை என்று வகைப்படுத்தினார். பின்னாளில் சென்னை அரசின் தலைமைச் செயலாளராக இருந்தவர் அவர். அவசரநிலை ஆண்டான 1976-77-இல் நாடு முழுக்க எண்பது லட்சத்துக்கு மேல் கருத்தடை அறுவைகள். அதில் எத்தனை விருப்பத்தோடு நடந்தவை என்பது வடமாநிலத்துக் கிராமங்களுக்குத் தெரியும். இந்த வரலாற்றில் தனித்து நிற்பது பெரியாரின் நிலை. மற்றவர்கள் கர்ப்பத்தடையைப் பெண்ணின் உடல்நலத்துக்காகவும் நாட்டின் வறுமைக்காகவும் குடும்பச் சொத்து சிதறாமல் இருப்பதற்காகவும் கேட்கிறார்கள். நாம் பெண்ணின் விடுதலைக்காகக் கேட்கிறோம் என்று அவர் பிரித்துக் காட்டினார். அதற்கு முன்பே, 1877-இல் கருத்தடை நூலை வெளியிட்டதற்காக லண்டனில் வழக்கைச் சந்தித்து, அதன் தொடர்ச்சியாகத் தன் மகளையே நீதிமன்றத்தில் இழந்தவர் அன்னி பெசன்ட். பிரம்மஞான சபையில் சேர்ந்த பின், மனிதர் மறுபிறவி எடுக்கும் உயிர்கள், அவர்கள் அடக்க வேண்டியது ஆசையை என்று கருதி, 1891-இல் தாம் எழுதிய கருத்தடைக் கையேட்டின் விற்பனையை அவரே நிறுத்திவிட்டார். அடையாற்றில் வாழ்ந்து மறைந்த அந்த அம்மையாரின் நேர்மையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கையேடு இல்லாமல் போனதால் ஆசையை வென்ற உயிர் ஒன்றையேனும் யாரும் காட்டியதில்லை. பெரியாருடைய காரணம்தான் காலத்துக்கு நிற்கிறது. ஜனம் பெருகும்போதும் அது செல்லும், குறையும்போதும் அது செல்லும். மற்ற எல்லாக் காரணங்களும் எண் மாறியதும் எதிர்ப்பக்கம் திரும்பிவிடுகின்றன.

அவை திரும்பியும் விட்டன. 2024 அக்டோபரில், அறநிலையத் துறை சென்னையில் நடத்திவைத்த திருமண விழாவில், நாடாளுமன்றத் தொகுதிகள் குறையும் நிலை வந்தால் பதினாறு பிள்ளைகள் பெறலாமே என்ற நினைப்பு வராதா என்று முதல்வர் ஸ்டாலின் பேசினார். அதே நாட்களில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவும் கூடுதல் பிள்ளை பெறச் சொன்னார். இரண்டு பிள்ளைக்கு மேல் இருந்தால் உள்ளாட்சித் தேர்தலில் நிற்க முடியாது என்றிருந்த சட்டம் அங்கே நீக்கப்பட்டது. ஒருவர் பேச்சில் கிண்டல் இருந்தது, இன்னொருவர் பேச்சில் திட்டம் இருந்தது. இரண்டுக்கும் அடியில் இருக்கும் ஆதங்கம் நியாயமானது. சொன்னபடி குடும்பத்தைக் கட்டுப்படுத்திய மாநிலம் அதனாலேயே இடங்களை இழக்கக் கூடாது. ஆனால் அந்த அநியாயத்தை உண்டாக்குவது கருப்பை இல்லை, தொகுதிக் கணக்கு. 1976-இல் 42-ஆவது திருத்தம் 1971-இன் எண்ணிக்கையில் தொகுதிகளை உறையவைத்தது. 2001-இல் 84-ஆவது திருத்தம் அதை 2026 வரை நீட்டியது. சட்டத்திருத்தத்தால் இரண்டு முறை சமாளித்த விஷயம் இது. மணவறையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைச் சட்டத்திருத்தத்துக்குப் பதிலாக வைக்க வேண்டியதில்லை.

முதுமையைப் பற்றிய கவலை இதைவிடக் கனமானது. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் அறுபது கடந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல். அந்தப் பங்கு ஏறிக்கொண்டே போகிறது. கஞ்சி வைத்துக் கொடுக்க யார் இருப்பார்கள் என்ற கேள்வியைத் தத்துவம் பேசித் தள்ளிவிட முடியாது. ஆனாலும் இன்றைக்கு ஓய்வூதியமோ கவனிப்போ இல்லாமல் கிடக்கும் முதியவர்களில் நாலைந்து பெற்றவர்கள் ஏராளம். பிள்ளை இருப்பது வேறு, பார்த்துக்கொள்ள ஆள் இருப்பது வேறு. இன்று பிறக்கும் குழந்தை உழைக்க வர இருபத்தைந்து ஆண்டாகும். அதற்குள் பிழைப்புக்காகத் தமிழ்நாட்டுக்கு வந்து கட்டடத்திலும் ஓட்டலிலும் பின்னலாடை ஆலையிலும் நிற்கும் பீகார், ஒடிசா இளைஞர்கள்தான் அந்த இடைவெளியை நிரப்புகிறார்கள். அவர்களை மனிதராக நடத்துவதும், முதியோருக்கு ஒழுங்கான ஓய்வூதியம் தருவதும், வேலைக்குப் போகும் தாய்க்குக் குழந்தைகள் காப்பகம் வைப்பதும் உயிரோடு இருப்பவர்களுக்கு நாம் பட்ட கடன். அதைச் செலுத்தாமல், பிறக்காதவர்கள் வந்து செலுத்துவார்கள் என்று காத்திருப்பது கடனாளியின் தந்திரம்.

பித்ருக்கடன் பற்றிய மறுப்பு கடைசியாக வரும். தேவருக்கும் ரிஷிகளுக்கும் முன்னோருக்கும் மனிதன் கடனாளி, முன்னோர் கடன் சந்ததியால்தான் தீரும் என்பது பழைய வைதிகக் கருத்து. அதே மரபுதான் துறவிக்கு விலக்குத் தருகிறது. தனக்குத் தானே சிராத்தம் செய்துகொண்டு அவர் கிளம்பிவிடலாம். தத்துப் பிள்ளையால் கடன் தீரும் என்கிறது. பிள்ளையில்லாத பீஷ்மருக்குப் பிறத்தியார் எல்லோரும் எள்ளும் நீரும் இறைக்கலாம் என்று ஒரு நாளே வைத்திருக்கிறது. இறந்தவரோடு உள்ள உறவைக் காக்கத் தோன்றிய ஏற்பாடு அது. ஜனத்தொகைக் கொள்கையாக ஒருநாளும் இருந்ததில்லை. பெறாமல் விட்டால் ஓர் உயிருக்கு மனிதப் பிறவி கிடைக்காமல் போகிறதே என்று சிலர் கேட்பார்கள். சித்தாந்தத்தின்படியே அது செல்லாது. எந்த உயிர் எந்த உடம்புக்கு வரும் என்பது வினையும் அருளும் சேர்ந்து தீர்ப்பது. காத்திருக்கும் உயிருக்கு இந்த ஒரு வயிறுதான் வாசல் என்று எந்த ஆகமமும் சொல்லவில்லை. தவிர, இனிப் பிறவி வேண்டாம் என்று காரைக்கால் அம்மையார் வேண்டியதை உச்சமாகக் கொண்டாடும் மரபு, பிறவாமையை இழப்பாகக் காட்ட முடியாது. மேற்கில் தத்துவ அறிஞர் டெரக் பார்ஃபிட் 1984-இல் இதே சிக்கலை வேறு வழியில் முட்டினார். மொத்த நன்மையைக் கூட்டுவதே அறம் என்றால், அரைவயிற்றோடு வாழும் கோடானுகோடிப் பேர் இருக்கும் உலகம், நிறைவாக வாழும் சிலர் இருக்கும் உலகத்தைவிட மேலானது என்று ஒப்புக்கொள்ள வேண்டி வரும். அந்த முடிவு அவருக்கே அருவருப்பாக இருந்தது. தலைகளைக் கூட்டி அறத்தை அளக்க முடியாது என்பதற்கு அதைவிட நேர்த்தியான நிரூபணம் எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவுக்கும் பின் ஒரு கவலை மிஞ்சுகிறது: பிள்ளைகள் குறைந்து ஒரு சமூகமே அழிந்துபோனால்? அதைப் பார்சிகளிடம் வைத்துப் பார்க்கலாம். 2001-இல் இந்தியாவில் 69,601 பேர், 2011-இல் 57,264. ஜொராஸ்திரிய மதம் துறவைப் போற்றுவதில்லை, இல்லறத்தையும் மக்களையும் புண்ணியமாகவே பார்க்கிறது. ஆகவே கொள்கையில் குறை இல்லை. தாமதமாக மணப்பதும் மணக்காமலே இருப்பதும் அங்கே அதிகம். 2013-இல் மத்திய அரசு ‘ஜியோ பார்சி’ என்ற திட்டத்தைத் தொடங்கிக் கருத்தரிப்பு மருத்துவத்துக்குப் பணம் கொடுத்தது. சில நூறு குழந்தைகள் பிறந்தன, ஆனால் இறப்புகளுக்கு அந்தப் பிறப்புகள் ஈடாகவில்லை. இன்னொரு பக்கம், 1908-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வந்த வழக்கின் தீர்ப்பிலிருந்து, வேற்றுச் சமூகப் பெண்ணை மணந்த பார்சி ஆணின் பிள்ளைகள் உள்ளே வரலாம். வேற்றுச் சமூக ஆணை மணந்த பார்சிப் பெண்ணின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலான அக்னி ஆலயங்களின் கதவு திறப்பதில்லை. பார்சிப் பெண்ணுக்குப் பிறந்து, பார்சி வீட்டில் வளர்ந்து, நெருப்பை வணங்கத் தெரிந்த பிள்ளைகள் மும்பையில் இருக்கிறார்கள். ஆள் குறைகிறது என்று வருந்தும் அதே பஞ்சாயத்து அவர்களை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை.